படிவத்தில் இல்லாத கிணறு



போன மாதம் காலை நடை முடிந்து திரும்பும்போது மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கூட்டம். வெகுநாளாக மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கில் தரையைத் தோண்டி, கிரேன் வைத்து, பூமிக்குள் இருந்த தொட்டியை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு இதைவிட நல்ல வேடிக்கை எது? நானும் நின்றேன்.

நீளமான இரும்பு உருளை. மேலே பூசியிருந்த தார் பாளம் பாளமாக உரிந்து வந்தது. அடிப்பக்கம் துரு பிடித்து, பழைய வாணலியின் அடி மாதிரி மெலிந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற இளைஞர், "இவ்வளவு பெருசா ஒண்ணு நம்ம காலுக்குக் கீழ இருந்துச்சா சார்?" என்று கேட்டார். இருந்தது. ஊரில் எத்தனை பங்க் உண்டோ அத்தனை இடத்திலும் இருக்கிறது. அந்த மாதிரித் தொட்டிகளுக்கான கோப்புகளைச் சில ஆண்டுகள் கையாண்ட குமாஸ்தா நான். அந்த அனுபவத்தையும், அதன் பின்னால் இருக்கும் சரித்திரத்தையும் இன்று எழுதலாம் என்று தோன்றியது. அதில் ஒரு குறையும் இருக்கிறது. அது என்னுடையது.

முதலில் ஒரு சிரிப்புச் செய்தி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்குப் பெயர் "எஸ்ஸான்ஸ்". "பெத்ரோல்" என்றால் பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். வீட்டுப் பேச்சில் விளக்குக்கு ஊற்றும் சீமெண்ணெய். அந்தப் பிரிவில் சேர்ந்த புதிதில், பெட்ரோல் சேமிக்க அனுமதி கேட்ட ஒரு விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, சீமெண்ணெய்க்கு எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்று குறிப்பு எழுதிவிட்டேன். எங்கள் சூப்பிரண்டு அதைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, உன் ஸ்கூல்ல வெளக்கு ஏத்துற எண்ணெயிலதான் மோட்டார் ஓடுச்சா?" என்று கேட்டார். பிரிவே சிரித்தது. பிறகு அவரேதான் உட்கார வைத்துச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்ன முதல் பாடம்: இந்தச் சட்டம் எண்ணெயைப் பற்றியது அல்ல, நெருப்பைப் பற்றியது.

சீமெண்ணெய் நம் ஊர்களுக்குத் தகர டின்னில் வந்த காலத்திலேயே ஆங்கிலேய அரசு அதற்குச் சட்டம் போட்டுவிட்டது. 1899-ல் ஒரு பெட்ரோலியச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1934-ல் வந்த சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. இதை நடைமுறைப்படுத்தும் துறைக்கு வெகுகாலம் வெடிபொருள் துறை என்றே பெயர். 1898-ல் தொடங்கிய துறை அது, தலைமையகம் நாக்பூரில். பெயரைப் பாருங்கள். எண்ணெயை மருந்துப் பொடியோடும் வெடியோடும் ஒரே வரிசையில் வைத்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கு ஆதாரம் ஓர் எளிய சோதனை. பிரடெரிக் ஏபெல் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு சிறு கருவி செய்தார். மூடிய கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி மெதுவாகச் சூடேற்றி, இடையிடையே ஒரு சின்னச் சுடரைக் காட்ட வேண்டும். எந்த வெப்பத்தில் ஆவி "பக்" என்று பிடிக்கிறதோ அதுவே அந்த எண்ணெயின் தீப்பற்று நிலை. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிடித்தால் "ஏ" வகுப்பு: பெட்ரோல். 23-லிருந்து 65-க்குள் "பி" வகுப்பு: சீமெண்ணெய், டீசல். 65-லிருந்து 93 வரை "சி" வகுப்பு: உலை எண்ணெய் போன்றவை. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால் "ஏ" வகுப்பில் 30 லிட்டர் வரை உரிமம் வேண்டாம். "பி" வகுப்பில், 1000 லிட்டருக்கு மேற்பட்ட கலத்தில் வைக்காதவரை, 2500 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அந்தக் கிண்ணமும் சுடரும்தான்.

நெருப்புக்கு அவர்கள் பயந்ததில் தவறு இல்லை. சென்னைவாசிகளைக் கேட்டால் எம்டனைச் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணிக்கு மேல், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலில் வந்து நின்று, துறைமுகத்தருகே தரைக்கு மேல் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்த வெளிச்சத்தைப் பார்த்த ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கெட்டிக்காரனை "எம்டன்" என்று நாம் சொல்வது அந்த இரவின் மிச்சம். கேப்டன் வான் முல்லர் கோட்டையைவிட்டு எண்ணெய்த் தொட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தரைக்கு மேல் நிற்கும் தொட்டி கடலிலிருந்தே தெரியும். எரிந்தால் ஊருக்கே தெரியும்.

தரைக்கு மேல் இருக்கும் பெரிய கிடங்குகளுக்கான விதிகள் இந்தப் பயத்திலிருந்துதான் வளர்ந்தன. தொட்டிக்கும் தொட்டிக்கும் இடைவெளி, தொட்டிக்கும் வேலிக்கும் இடைவெளி, தொட்டிகளைச் சுற்றிக் கரை. இருப்பதிலேயே பெரிய தொட்டி உடைந்து கொட்டினாலும் எண்ணெய் முழுவதும் அந்தக் கரைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது கணக்கு. ஏரிக்கரை கட்டிய நம் முன்னோர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. கரை இருந்தும் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெய்ப்பூர் சீதாபுரா கிடங்கு சாட்சி. 2009 அக்டோபர் 29 மாலை வால்வு வழியாகப் பெட்ரோல் கொட்டி, ஆவி மேகமாகப் பரவி, வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். பல நாள் எரிந்துதான் அடங்கியது. அதற்குப் பிறகு குழு, அறிக்கை, புதிய விதிகள். எரிந்தால் சட்டம் நகரும். இது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்.

பூமிக்கு அடியில் தொட்டி எப்படிப் போனது? அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் போர்ட் வெய்ன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மளிகைக்கடையில் சீமெண்ணெய்ப் பீப்பாய் ஒழுகி, பக்கத்திலிருந்த வெண்ணெயெல்லாம் சீமெண்ணெய் வாசனை அடித்ததாம். சில்வனஸ் பவுசர் என்பவர் அதற்கு மாற்றாக 1885-ல் கையால் அடித்து அளந்து ஊற்றும் பம்ப் ஒன்றைச் செய்து அந்தக் கடைக்கு விற்றார். மோட்டார் கார் வந்ததும் அதே பம்ப் தெருவுக்கு வந்தது. அதன் கீழே தொட்டியைப் புதைத்தார்கள். பூமிக்குள் வெயில் இல்லை, தீப்பொறி இல்லை, மோதும் வண்டி இல்லை, குண்டு போட எம்டனுக்கும் தெரியாது. நெருப்புக்கு அருமையான தீர்வு. கண்ணுக்கு மறைந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

இப்போது எங்கள் பிரிவுக்கு வருகிறேன். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. 1962-ல் சட்டப்படியும் சேர்ந்தது. 1963-ல் வந்த ஓர் ஒழுங்குமுறையின் மூலம் இந்தியச் சட்டங்கள் பல மொத்தமாக இங்கே நீட்டிக்கப்பட்டன. பெட்ரோலியச் சட்டமும் அப்படி வந்ததுதான். பங்க் வைக்க வெடிபொருள் துறையின் உரிமம் வேண்டும். அதற்கு முன்னால் உள்ளூர் அதிகாரியிடம் "ஆட்சேபம் இல்லை" என்று சான்று வாங்க வேண்டும். அந்தக் கோப்புகள் என் மேஜைக்கு வரும்.

கோப்பில் என்னென்ன பார்ப்போம்? மனை வரைபடம், சாலையிலிருந்து தூரம், பக்கத்துக் கட்டடத்திலிருந்து தூரம். தொட்டியின் ஆவி வெளியேறும் குழாய் தரையிலிருந்து 4 மீட்டராவது உயரமா? மணல் வாளி உண்டா? தீயணைப்பான் உண்டா? தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா? போலீஸ் அறிக்கை, தீயணைப்புத் துறை அறிக்கை. எல்லாம் நெருப்பு. ஒவ்வொரு படிவத்திலும் எந்தக் கட்டம் இருக்கிறதோ அதுதான் அரசாங்கத்தின் பயம். கட்டம் இல்லாததற்குக் குமாஸ்தா பயப்படத் தேவையில்லை. நானும் பயப்படவில்லை.

எண்பதுகளில் ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மூடி போட்ட எவர்சில்வர் சொம்பு. என் மேஜைமேல் வைத்து, "தம்பி, இத மோந்து பாரு" என்றார். மோந்தேன். சீமெண்ணெய் வாடை. "எங்க கெணத்துத் தண்ணிப்பா. எங்க மாமியார் காலத்துலேர்ந்து குடிக்கிற தண்ணி. ரெண்டு மாசமா இப்படி. பின்னாடியே பங்க் இருக்குது. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்கதான் பர்மிஷன் குடுக்குறீங்கன்னு சொன்னாங்க."

சூப்பிரண்டிடம் எடுத்துப் போனேன். நல்ல மனிதர்தான். ஆனாலும், "தண்ணி நம்ம செக்ஷன் இல்லியேப்பா. பங்க்ல தூரம் கீரம் ஏதாச்சும் கொறையுதா?" என்றார். கோப்பை எடுத்துப் பார்த்தேன். தூரமெல்லாம் சரி. மணல் வாளிகூடச் சரி. "அப்புறம் என்ன? பதில் போட்டுடு" என்றார்.

போட்டேன். "தங்கள் மனு இப்பிரிவுக்கு உரியதல்ல. உரிய துறையை அணுகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." உரிய துறை எது என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அந்த அம்மா மேலும் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை சொம்பு இல்லை. "கெணத்த மூடிட்டோம் தம்பி. தெருக் கொழாயிலதான் பிடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அந்தப் பங்கின் தொட்டிதான் ஒழுகியது என்று நான் சொல்லவில்லை. யாரும் சோதிக்கவில்லை, அதனால் யார்மேலும் பழி போட முடியாது. நான் சொல்வது அதைத்தான்: யாரும் சோதிக்கவில்லை.

புதைத்த தொட்டி ஒழுகினால் எப்படித் தெரியும்? பங்குக்காரர் தினமும் அளவுக்கோலை விட்டுப் பார்த்து, விற்றதையும் இருப்பையும் கணக்கு வைப்பார். ஆனால் பெட்ரோல் ஆவியாகும்; வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஆகவே கணக்கில் கொஞ்சம் கூடுதல் குறைச்சல் இருப்பது சகஜம். சொட்டுச் சொட்டாகப் போகும் ஒழுக்கு அந்தச் சகஜத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வெளியே போன எண்ணெய் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்து, தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதக்கும். அதிலுள்ள பென்சீன் போன்றவை தண்ணீரில் கரைந்து, நீர் நகரும் திசையில் நகரும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிப்பது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. மூக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஓய்வு பெற்றபின் பேரனின் உதவியோடு கம்ப்யூட்டரில் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்த அம்மா சொம்போடு வந்த அதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் இதே வாடையின்மேல் ஒரு சட்டம் உருவானது என்று தெரிந்தது. பவுசரின் நாடாயிற்றே, அங்கேதான் இந்தத் தொட்டிகள் அதிகம். பெரும்பாலும் பூச்சில்லாத இரும்பு. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடிப்பது நிலத்தடி நீர். ஊர் ஊராகக் கிணறு நாறத் தொடங்கி, டெலிவிஷன்வரை போய், 1984 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் புதைத்த தொட்டிகளுக்கென்றே சட்டம் செய்தது. 1988-ல் விரிவான விதிகள் வந்தன. பழைய தொட்டிகளுக்கு 10 ஆண்டு கெடு: 1998 டிசம்பர் 22-க்குள் துருப்பிடிக்காமல் பாதுகாப்புச் செய், அல்லது மாற்று, அல்லது மூடு. அப்போது அங்கே சுமார் 20 லட்சம் தொட்டிகள். இன்று அதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பாக்கி. ஒழுகியதாக இதுவரை உறுதியானவை 5 லட்சத்துக்கும் மேல். சுத்தம் செய்ய ஒரு நிதி. அதற்கு ஒரு காலன் எண்ணெய்க்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரி.

அங்கேயும் எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற ரசாயனம் நிலத்தடியில் பரவி, 1996-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை நிறுத்த வேண்டியதாயிற்று. நகரத்தின் தண்ணீரில் பாதி போனது. வெளியிலிருந்து விலைக்கு வாங்கினார்கள்.

இதில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு விஷயம். அந்த விதிகளின்படி ஒவ்வொரு தொட்டியையும் ஒழுகுகிறதா என்று 30 நாளுக்கு ஒரு முறை சோதித்துப் பதிவு வைக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று உரிமையாளர் சொல்ல முடியாது. தெரிந்துகொள்வதே அவர் கடமை.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருந்தது. 1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்போதே யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும். அதன் 24-வது பிரிவு, நீரோடையிலோ கிணற்றிலோ மாசுப் பொருளைத் தெரிந்தே விடக்கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் "நீரோடை" என்ற சொல்லுக்குள் நிலத்தடி நீரும் அடக்கம். ஆனால் "தெரிந்தே" என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். பூமிக்குள் ஒழுகுவது யாருக்குத் தெரியும்? ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் அதைச் சொம்பில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஒரு மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் "தெரியாது" என்பது அன்றோடு முடிந்திருக்கும்.

இதை எழுதும்போது பள்ளியில் பிரெஞ்சுப் புத்தகங்களில் நிறையப் பார்த்த நெப்போலியன் ஞாபகம் வருகிறார். போரைப் பற்றி அல்ல. 1810 அக்டோபர் 15-ல் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். துர்நாற்றமோ உடல்நலக் கேடோ உண்டாக்கும் தொழிற்சாலைகளை மூன்று வகுப்பாகப் பிரித்து, முதல் வகுப்பு குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்றது. அதற்கான விண்ணப்பத்தை 5 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களிலெல்லாம் ஒட்ட வேண்டும். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, உங்களுக்கு இதில் வசதி என்ன, வசதிக் குறைவு என்ன என்று விசாரிக்கும் முறையும் உண்டு. அதற்கு லத்தீனில் "கொம்மோதோ எத் இன்கொம்மோதோ" என்று பெயர். முதலாளிகளுக்கும் அந்த ஆணை சாதகம்தான், ஒரு தடவை அனுமதி கிடைத்தால் தொழில் பத்திரம். ஆனாலும் வாடைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அரசாங்கக் காகிதத்தில் ஓர் இடம் கொடுத்தார்கள். என் படிவத்தில் அந்த இடம் இல்லை.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2020 ஜனவரியில், பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை ஒட்டி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய பங்குகளுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடமே இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஒழுக்கு ஏற்பட்டால் மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்யும் பொறுப்பும் அதில் வந்துவிட்டது. கிணறு கடைசியாகக் காகிதத்துக்குள் வந்திருக்கிறது. காகிதத்திலிருந்து தரைக்கு வர எவ்வளவு நாளாகும் என்பது குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

நம் ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆயி மண்டபத்தின் கதை உங்களுக்குத் தெரியும். தாசி ஆயி தன் மாளிகையை இடித்துவிட்டு வெட்டிய குளம், முத்திரையர்பாளையத்திலிருந்து கால்வாய் வழியாகப் பட்டணத்துக்கு வந்த தண்ணீர், அதற்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய மண்டபம். கதையில் எவ்வளவு நிஜமோ, ஒன்று மட்டும் நிஜம். புதுச்சேரி குடிப்பது பூமிக்குள் இருக்கும் தண்ணீரை. நமக்குக் காவிரி இல்லை, மேட்டூர் இல்லை. விலை குறைவு என்று அக்கம்பக்க மாவட்டத்தார் வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறார்கள். எல்லையோரச் சாலைகளில் வரிசையாகப் பங்குகள். இரண்டும் ஒரே மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

என்னால் இப்போது செய்ய முடிந்தது இதுதான். உங்கள் கிணற்றிலோ போர்வெல்லிலோ பெட்ரோல், டீசல் வாடை வந்தால், முதலில் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். காய்ச்சிக் குடித்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். ஆவி வீட்டுக்குள் பரவும், தீ ஆபத்தும் உண்டு. கிணற்றுக்குள் விளக்கோ தீக்குச்சியோ காட்டாதீர்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் ஒரே நாளில் எழுத்து மூலமாகக் கொடுங்கள். வாடை தொடங்கிய தேதியைக் குறியுங்கள். தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கும்படி கேளுங்கள். நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் பிரிவு இல்லை" என்று பதில் வந்தால், எந்தப் பிரிவு என்று திரும்பக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கேள்வியை அன்று யாராவது என்னிடம் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம், நானே கேட்டிருக்கலாமே என்றும் தோன்றும்.

கிரேனில் தொங்கிய தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இது அந்த அம்மா வீட்டுப் பின்னால் இருந்த பங்க் அல்ல. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது காவலாளியிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "குடிக்கிறதுக்குக் கேன் வாங்கிக்கிறாங்க சார்" என்றார்.